நாம் ஏன் கூடிவருகிறோம்?

வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: யோவான் 20:19-29, அப்போஸ்தலர் 2:41-47, 1 கொரிந்தியர் 11:17-34, எபிரெயர் 10:19-25



ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளின் சாயங்காலத்தில் சீஷர்கள் ஓர் அறையில் கூடியிருந்தார்கள். கதவுகள் பூட்டியிருந்தன. உள்ளே இருந்தவர்கள் தைரியசாலிகள் அல்லர், பயந்து ஒதுங்கியிருந்தவர்கள். ஆயினும் அவர்கள் ஒன்றாயிருந்தார்கள். அவர்கள் நடுவே ஆண்டவர் வந்து நின்று, சமாதானம் கூறி, தம்முடைய கைகளையும் விலாவையும் காண்பித்தார். பதினொருவரில் ஒருவர் மட்டும் அன்று அங்கே இல்லை. அவர் தோமா.

தோமா வராததற்கான காரணத்தை யோவான் எழுதவில்லை. ஆனால் அதன் விளைவை எழுதியிருக்கிறார். மற்றவர்கள் கண்ட மகிழ்ச்சியை தோமா காணவில்லை. ஒரு வாரம் முழுவதும் அவர் சந்தேகத்தோடே இருந்தார். இந்தப் பகுதியை வாசிக்கிறவர்கள் தோமாவின் அவிசுவாசத்தைக் குறித்தே அதிகமாகப் பேசுகிறார்கள். மற்ற சீஷர்கள் செய்ததை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். அவர்கள் தோமாவிடம் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். அவர் நம்பமாட்டேன் என்று உறுதியாகச் சொன்ன பிறகும் அவரைத் தள்ளிவிடவில்லை. எட்டு நாளைக்குப் பின்பு அவர்கள் மறுபடியும் கூடியிருந்தபோது தோமாவும் அவர்களோடு இருந்தார். ஆண்டவர் தோமாவைத் தனியே சந்தித்திருக்கக்கூடும். அப்படிச் செய்யாமல், சகோதரர் கூடியிருந்த அறைக்குள் மறுபடியும் வந்து, அங்கேதான் அவரோடு பேசினார்.

நம் தேசத்துக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர் என்று மரபு போற்றும் அப்போஸ்தலர், இப்படி ஒரு கூட்டத்தைத் தவறவிட்டவராகவும் அடுத்த கூட்டத்தில் ஆண்டவரைக் கண்டவராகவும் இருந்தார் என்பது நாம் சிந்திக்கத்தக்கது. நம்முடைய சபைகளிலும் இன்று காலியாக இருக்கும் இருக்கைகள் உண்டு. ஆகவே, சபை எதற்காக? விசுவாசிகள் ஏன் கூடிவர வேண்டும்? வீட்டிலிருந்தபடியே ஜெபித்தால் போதாதா? இந்தக் கேள்விகளை வேதத்தின் வெளிச்சத்திலும் ஆதித் திருச்சபையின் வரலாற்றிலும் வைத்து ஆராய்வோம்.

1. சபை என்பது அழைக்கப்பட்ட மக்கள்

‘சர்ச்சுக்குப் போகிறேன்’, ‘கோயிலுக்குப் போகிறேன்’ என்று சொல்வது நம் வழக்கம். இப்படிச் சொல்லிப் பழகியதால், சபை என்பது போய்த் திரும்புகிற ஓர் இடம் என்ற எண்ணம் நம்மில் வேரூன்றிவிட்டது. புதிய ஏற்பாட்டில் ‘சபை’ என்று பெயர்க்கப்பட்டிருக்கும் கிரேக்கச் சொல் ‘எக்லேசியா’. கிரேக்க நகரங்களில் பொதுக்காரியங்களைத் தீர்மானிக்கும்படி அழைக்கப்பட்டுக் கூடிவந்த குடிமக்களின் கூட்டத்துக்கு அந்தப் பெயர் வழங்கியது. எபேசு பட்டணத்தில் தெமேத்திரியு மூட்டிய கலகத்தில் திரண்ட கூட்டத்துக்கும் லூக்கா இதே சொல்லைத்தான் எழுதுகிறார் (அப். 19:32, 39, 41). பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், கர்த்தருக்கு முன்பாகக் கூடிநின்ற இஸ்ரவேலைக் குறிக்கும் ‘காகால்’ என்ற எபிரெயச் சொல்லுக்குப் பல இடங்களில் இச்சொல்லையே வழங்கினார்கள்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. ஒன்று, சபை என்பது கட்டடம் அன்று, மக்கள். இரண்டு, அந்த மக்கள் தாங்களாகவே சேர்ந்துகொண்ட சங்கம் அன்று. ஒருவரால் அழைக்கப்பட்டுக் கூடினவர்கள். நமக்குப் பிடித்தவர்களை நாம் தெரிந்துகொண்டால் அது நண்பர் குழு. தேவன் அழைத்தவர்களை நாம் ஏற்றுக்கொண்டால் அது சபை.

ஆதிக்கிறிஸ்தவர்களுக்குத் தனி ஆலயக் கட்டடங்கள் இல்லை. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்பவர்களின் வீட்டிலும் (ரோமர் 16:5), நிம்பா என்பவரின் வீட்டிலும் (கொலோ. 4:15), பிலேமோனின் வீட்டிலும் சபை கூடியது. சிரியாவில் ஐபிராத்து நதியோரமாயிருந்த தூரா யூரோப்போஸ் என்னும் ஊரில் 1930-களில் நடந்த அகழாய்வு இதற்குச் சான்றளிக்கிறது. கி.பி. 256-ஆம் ஆண்டளவில் அழிந்துபோன அந்த ஊரில், சாதாரணக் குடியிருப்பு வீடு ஒன்று விசுவாசிகள் கூடும் இடமாக மாற்றப்பட்டிருந்தது. இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கியிருந்தார்கள். ஞானஸ்நானம் கொடுக்க ஓர் அறையை ஒதுக்கி, அதன் சுவர்களில் நல்ல மேய்ப்பனின் உருவத்தைத் தீட்டியிருந்தார்கள். சுவரை எடுத்துவிட்டு ஒன்றாய் அமர்ந்த அந்த வீடு, சபை என்ற சொல்லுக்கே ஒரு விளக்கம்.

சுவிசேஷங்களில் நம் ஆண்டவருடைய வாயிலிருந்து ‘சபை’ என்ற சொல் இரண்டே பகுதிகளில்தான் வருகிறது. ஒன்றில், தம்முடைய சபையைத் தாமே கட்டுவதாக வாக்களிக்கிறார் (மத். 16:18). மற்றொன்றில், தவறிப்போன ஒரு சகோதரனை எப்படி ஆதாயப்படுத்திக்கொள்வது என்று போதிக்கிறார் (மத். 18:15-17). பாதாளத்தின் வாசல்களாலும் மேற்கொள்ள முடியாத அதே சபை, ஒரே ஒரு சகோதரனை இழந்துவிடாமல் தேடிச்செல்லும் சபையாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய சித்தம்.

2. எருசலேம் சபையின் நான்கு தூண்கள்

பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எவற்றில் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்பதை லூக்கா ஒரே வசனத்தில் நான்காக எண்ணிச் சொல்லுகிறார் (அப். 2:42).

முதலாவது, அப்போஸ்தலருடைய உபதேசம். ஆவியைப் பெற்றவர்கள், இனிப் போதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்ளும்படி கூடினார்கள். தனியே வேதத்தை வாசிப்பது அவசியம். ஆனால் தனியே மட்டும் வாசிக்கிறவர், தமக்குப் பிடித்த பகுதிகளையே திரும்பத் திரும்ப வாசிக்கும் ஆபத்து உண்டு. சபையில் வாசிக்கப்படும் வசனம், நாம் தெரிந்துகொள்ளாத வசனம். சில வேளைகளில் நாம் தவிர்க்க விரும்பிய வசனம்.

இரண்டாவது, அந்நியோந்நியம். இந்தச் சொல்லை நாம் இன்று பெரும்பாலும் கணவன் மனைவியின் நெருக்கத்தைக் குறிக்கவே வழங்குகிறோம். இதன் மூலப்பொருள் ‘ஒருவருக்கொருவர்’ என்பதே. கிரேக்க மூலத்திலுள்ள ‘கொய்னோனியா’ என்ற சொல்லோ, ‘பொதுவானது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கிப் பிரிவது ஐக்கியம் ஆகாது. எருசலேமில் ஐக்கியம் என்பது உடைமைகளையும் தொட்டது. தேவையுள்ளவனுக்காக ஒருவர் தம் நிலத்தை விற்றார். புதிய ஏற்பாடு எங்கும் பரந்துகிடக்கும் கட்டளைகளை எண்ணிப்பாருங்கள்: ஒருவரிலொருவர் அன்பாயிருப்பது, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது, ஒருவருக்கொருவர் மன்னிப்பது, ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது. இவற்றில் ஒன்றையாவது தனியாக இருந்து நிறைவேற்ற முடியுமா? மன்னிக்க வேண்டுமானால் நம்மைப் புண்படுத்தக்கூடிய அளவுக்கு ஒருவர் நம் அருகில் இருக்க வேண்டும். சபையில் நமக்கு உண்டாகும் சிரமங்கள், சபையின் நோக்கத்துக்குத் தடைகள் அல்ல. அந்த நோக்கம் நிறைவேறும் இடமே அவைதான்.

மூன்றாவது, அப்பம் பிட்குதல். ஆண்டவர் தம்மை நினைவுகூரும்படி ஒரு நூலையோ ஒரு சிலையையோ விட்டுச்செல்லவில்லை. ஒரு பந்தியை விட்டுச்சென்றார். பந்தி என்றாலே பலர். ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் அநேகராகிய நாம் ஒரே சரீரமாயிருக்கிறோம் என்பது பவுலின் போதனை (1 கொரி. 10:17).

நான்காவது, ஜெபங்கள். பேதுரு சிறையிலிருந்தபோது சபையார் அவருக்காக ஊக்கமாய் ஜெபித்தார்கள். விடுதலையான பேதுரு மாற்கு என்னும் யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியபோது, உள்ளே அநேகர் கூடி அவருக்காகவே ஜெபித்துக்கொண்டிருந்தார்கள் (அப். 12:12). அவர்கள் அவருடைய வருகையை உடனே நம்பவில்லை என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. குறைவான விசுவாசமுள்ளவர்கள் கூடி ஏறெடுத்த ஜெபத்தையும் தேவன் கேட்டார். நமக்கு இது பெரிய ஆறுதல்.

3. கூடிவந்தும் கூடாதவர்கள்

கூடிவந்துவிட்டாலே சபையாகிவிடுமா? இல்லை என்று கொரிந்து சபை நமக்குக் காட்டுகிறது. ஏறக்குறைய கி.பி. 55-இல் எழுதிய நிருபத்தில், அவர்கள் கூடிவருவது நன்மையைவிடத் தீமைக்கே ஏதுவாகிறது என்று பவுல் வருத்தத்தோடு எழுதினார் (1 கொரி. 11:17).

அங்கே நடந்தது என்ன? அக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாள் அன்று. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டீன் 321-ஆம் ஆண்டில் கட்டளையிட்ட பின்பே அது ஓய்வுநாளாயிற்று. ஆகவே விசுவாசிகள் வேலைநேரத்துக்கு முன்னோ பின்னோதான் கூட முடிந்தது. துரோவாவில் சீஷர்கள் வாரத்தின் முதல்நாளில் கூடி நடுராத்திரி வரைக்கும் இருந்ததையும், ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே உறங்கி விழுந்ததையும் நாம் வாசிக்கிறோம் (அப். 20:7-9). கொரிந்து சபையிலும் அடிமைகளும் கூலியாட்களும் இருந்தார்கள். ஓய்வுள்ள செல்வந்தர்கள் முன்னதாக உட்கார்ந்து தங்கள் உணவை உண்டு முடித்தார்கள். ஏழைகளுக்கோ பசியே மிஞ்சியது. ஒருவர் வெறிகொள்ளுமளவு குடித்திருக்க, ஒருவர் வெறுவயிற்றோடு நின்றார். இதற்குக் கர்த்தருடைய பந்தி என்று பெயரிட முடியாது என்று பவுல் கண்டித்தார். அந்தக் கடுமையான அதிகாரத்தின் முடிவில் அவர் சொன்ன பரிகாரம் மிக எளியது: உண்ணக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் (11:33).

இது கொரிந்துவோடு முடிந்துபோன பாவம் அன்று. தென்னிந்தியாவிலும் பழைய சபைகள் சிலவற்றில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கமும், ஒரு பிரிவினர் முன்னும் மற்றவர்கள் பின்னுமாக இராப்போஜனம் பெறும் வழக்கமும் இருந்தன. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் இந்த வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்க மனமின்றிப் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஆண்டவருடைய பந்தியைக் காட்டிலும் தங்கள் இருக்கையின் வரிசை அவர்களுக்குப் பெரிதாயிருந்தது. அவர்களைக் குறைகூறுவது எளிது. நம்முடைய சபைகளில் பதவிக்கும், கல்லறை இடத்துக்கும், திருமண உறவுக்கும் இன்றும் எது அளவுகோலாயிருக்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது கடினம். ஆயினும் கேட்டே ஆகவேண்டும். கூடிவருதலை நியாயந்தீர்க்கும் அளவு வருகைப் பதிவேடு அன்று. கடைசியில் வருகிறவனுக்கு அங்கே இடமும் அப்பமும் இருக்கின்றனவா என்பதே.

4. வெளியாரும் விசுவாசியும் தந்த சாட்சி

அப்போஸ்தலருடைய காலத்துக்குப் பின்பு விசுவாசிகள் எவ்வாறு கூடினார்கள்? இரண்டு பழைய சாட்சிகள் நமக்கு உண்டு.

முதல் சாட்சி ஓர் அந்நியர். பித்தினியா, பொந்து நாடுகளின் ஆளுநராயிருந்த பிளினி, ஏறக்குறைய கி.பி. 112-இல் பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதம் அது. கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்துக்கொண்டிருந்த அவர், அவர்களுடைய குற்றம் என்னவென்று கண்டுபிடிக்க முயன்றார். அவர் அறிந்துகொண்டது இவ்வளவுதான்: குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடித் துதிக்கிறார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளை மறுப்பதில்லை என்று உறுதிபூணுகிறார்கள், பிறகு கலைந்து, மறுபடியும் கூடிச் சாதாரண உணவை உண்கிறார்கள். மேலும் உண்மையறியும்படி, சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை அவர் சித்திரவதை செய்தார். அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. சமுதாயத்தில் எந்த மதிப்பும் இல்லாத அடிமைப் பெண்கள் சபையில் பொறுப்புள்ள ஊழியம் செய்தார்கள். அத்துடன், அவர்கள் கூடிவந்ததன் பலன் வாரத்தின் மற்ற நாட்களில் வெளிப்பட்டது. கடனைத் திருப்பிக் கொடுப்பதிலும், சொன்ன சொல்லைக் காப்பதிலும் காணப்படாத ஆராதனையை அவர்கள் அறியவில்லை.

இரண்டாம் சாட்சி ஒரு விசுவாசி. சமாரியா நாட்டில் பிறந்து, தத்துவங்களைக் கற்று, பின்பு கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட ஜஸ்டின், ரோமாபுரியிலிருந்து ஏறக்குறைய கி.பி. 155-இல் பேரரசனுக்குத் தம் விசுவாசத்தை விளக்கி எழுதினார். பிற்பாடு அவர் இரத்தசாட்சியாக மரித்தார். ஞாயிறு கூட்டத்தைப்பற்றி அவர் எழுதியதன் சுருக்கம் இது. பட்டணத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். அப்போஸ்தலருடைய நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இடங்கொடுக்குமட்டும் வாசிக்கப்படும். நடத்துகிறவர் அவற்றின்படி வாழும்படி புத்தி சொல்வார். எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள். அப்பமும் ரசமும் கொண்டுவரப்பட்டு, ஸ்தோத்திரம் ஏறெடுக்கப்பட்டு, மக்கள் ஆமென் சொல்வார்கள். வசதியுள்ளவர்கள் விருப்பம்போல் கொடுக்கும் காணிக்கையைக் கொண்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், அந்நியராய் வந்து தங்கியவர்கள் ஆகியோர் ஆதரிக்கப்படுவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஜஸ்டின் ஒரு சிறு செய்தியைச் சொல்லிச் செல்லுகிறார். அன்று வர முடியாதவர்களுக்கு அவர்களுடைய பங்கை உதவிக்காரர்கள் எடுத்துச்செல்வார்கள். பிரியமானவர்களே, இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஒருவருக்குரிய பங்கை எடுத்துச்செல்ல வேண்டுமானால், அவர் வரவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்பதும், அவர் வீடு எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் வந்த கூட்டம் பெரிய கூட்டமாயிருக்கலாம். வராத ஒருவரின் குறை உணரப்படும் கூட்டமே சபை.

5. கூடிவராமல் வாழ முடியாது என்றவர்கள்

303-ஆம் ஆண்டில் பேரரசன் தியோக்கிலேத்தியன் கிறிஸ்தவர்களின் வேதப்பிரதிகளை எரிக்கவும், ஆராதனை இடங்களை இடிக்கவும், கூட்டங்களைத் தடைசெய்யவும் ஆணையிட்டான். மறு ஆண்டில், இன்றைய துனீசியாவிலுள்ள அபித்தினே என்னும் ஊரில் ஒரு வீட்டில் கூடிய விசுவாசிகள் பிடிக்கப்பட்டார்கள். ஆண்களும் பெண்களும் சிறுவர்களுமாக அவர்கள் 49 பேர். கார்த்தேஜ் நகரத்தில் அதிபதியின் முன் நிறுத்தப்பட்டபோது, தடையை மீறி உன் வீட்டில் ஏன் இவர்களைச் சேர்த்தாய் என்று எமெரித்து என்ற விசுவாசியிடம் கேட்கப்பட்டது. இவர்கள் என் சகோதரர்கள், இவர்களைத் தடுக்க என்னால் முடியாது என்று அவர் பதிலளித்தார். கர்த்தருடைய நாளின் அந்தப் பந்தியில்லாமல் தங்களால் இருக்க இயலாது என்றும் அறிவித்தார்.

கூடிவருதல் அவர்களுக்குச் சட்டமாகத் தோன்றவில்லை, சுவாசமாக இருந்தது. விசுவாசிகள் தண்ணீரிலிருக்கும் மீன்களைப் போன்றவர்கள். கரையில் தூக்கிப்போடப்படும்வரை தண்ணீரின் அருமை மீனுக்குத் தெரியாது. நமக்கும் அப்படியே ஆயிற்று.

6. கூடினவர்கள் அனுப்பப்படுகிறார்கள்

சபை தனக்காகவே கூடுகிறதா? அந்தியோகியா சபையைப் பாருங்கள். அவர்கள் கர்த்தருக்கு ஆராதனை செய்து உபவாசித்துக்கொண்டிருந்தபோதுதான், பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடும்படி பரிசுத்த ஆவியானவர் கட்டளையிட்டார் (அப். 13:1-3). ஊழியத்தை முடித்துத் திரும்பியதும் அவ்விருவரும் முதலில் செய்த காரியம், சபையைக் கூட்டித் தேவன் செய்தவற்றை அறிவித்ததே (அப். 14:27). கூடுதல், அனுப்புதல், மறுபடியும் கூடுதல் என்ற இந்த ஓட்டமே சபையின் உயிர்த்துடிப்பு. கூடாமலே ஓடுகிறவன் களைத்துப்போவான். கூடிமட்டும் இருந்து ஓடாதவன் தேங்கிப்போவான்.

நம் தேசத்தின் மிஷனெரி வரலாறும் இதற்குச் சாட்சி. 1903-இல் திருநெல்வேலியில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கமும், 1905-இல் செராம்பூரில் கூடினவர்கள் தொடங்கிய தேசிய மிஷனெரி சங்கமும் ஜெபிக்கக் கூடிய விசுவாசிகளின் பாரத்திலிருந்தே பிறந்தன. இவ்விரண்டிலும் முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளையில் பிறந்த இவர், தெலுங்கு நாட்டில் தோர்னக்கல் பகுதியில் உழைத்து, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி கூறிய பின், தங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். பொருளும் உழைப்பும் கொடுத்தவர்கள், சமமாய் உட்காரவும் பழகவும் தயங்கினார்கள் என்ற வேதனை அந்த வேண்டுகோளில் ஒலித்தது. அனுப்புகிற சபைக்கும் அந்நியோந்நியம் இல்லாவிட்டால், அதன் சுவிசேஷம் பாதியே கேட்கப்படும்.

7. நம்முடைய நாட்களில்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோயின் காரணமாகத் தேசமெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு, ஆலயங்களின் கதவுகள் அடைக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று ஈஸ்டர் ஆராதனையை நம்மில் பலர் கைப்பேசியின் திரையில் கண்டோம். பிறருடைய உயிரைக் காக்கும்படி கூடாதிருந்ததும் அன்பின் செயலே. அந்த நாட்களில் தொழில்நுட்பம் நமக்குப் பெரிய உதவியாயிருந்தது. இன்றும் நடமாட முடியாத முதியோருக்கும், நோயாளிகளுக்கும், தமிழ்ச்சபை இல்லாத வடமாநில ஊர்களில் பணிபுரிகிறவர்களுக்கும் அது ஆறுதலாக இருந்துவருகிறது. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்தரிக்கிறோம்.

ஆனால் கதவுகள் திறந்தபின்பும் சிலர் திரும்பி வரவில்லை. அவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். சிலருக்கு வீட்டிலிருந்தே பார்ப்பது வசதியாகிவிட்டது. இவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். திரையில் வரும் பிரசங்கியார் நம்மைப் போஷிக்கலாம். நம் பெயர் அவருக்குத் தெரியாது. நாம் அழுதால் அவர் அறியமாட்டார். அதைவிட முக்கியமாக, நமக்கு அருகில் அழுகிறவரை நாம் காணமாட்டோம். கூடிவரும்போது ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கொண்டுவருகிறார்கள், அது சபையின் பக்திவிருத்திக்காகவே என்று பவுல் எழுதுகிறார் (1 கொரி. 14:26). நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் வீட்டிலிருப்பது போதுமென்று தோன்றலாம். நம்மால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் நாம் புறப்பட்டுப்போவோம். எபிரெய சபைக்கு எழுதியவரும் கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லும்போது, அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஒருவரையொருவர் ஏவிவிடுவதையே காரணமாகக் காட்டுகிறார் (எபி. 10:24, 25).

வேறு சிலர் காயப்பட்டு விலகினவர்கள். தேர்தல் சண்டைகள், வழக்குகள், போதகரின் கடுஞ்சொல், துக்க நாளில் யாரும் வீட்டுக்கு வராத ஏமாற்றம் ஆகியவை அவர்களை வெளியே நிறுத்தியிருக்கின்றன. இவர்களிடம் எபிரெயருக்கு எழுதிய வசனத்தைக் கடிந்துகொள்ளும் கோலாக எடுத்துச்செல்வது தகாது. இவர்களுக்கு முதலில் நாம் சொல்ல வேண்டியது, ‘நீங்கள் இல்லாதது எங்களுக்குக் குறைவாயிருக்கிறது’ என்பதே. தவறு நம் பக்கம் இருந்தால், மன்னிப்புக் கேட்கவும் வேண்டும். தோமாவிடம் சீஷர்கள் வாதாடி வென்றதாக எழுதப்படவில்லை. தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். அவருக்கு இடம் வைத்திருந்தார்கள். ஆண்டவர் வந்து மற்றதைப் பார்த்துக்கொண்டார்.

காயப்பட்ட அன்புச் சகோதரனே, சகோதரியே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. குறையில்லாத சபையை நீங்கள் தேடினால் புதிய ஏற்பாட்டிலும் அதைக் காணமாட்டீர்கள். கொரிந்துவுக்கு எழுதும்போதும் பவுல் அவர்களைத் தேவனுடைய சபை என்றே அழைத்தார். பூட்டிய அறையிலிருந்த பத்துப்பேரும் சில நாட்களுக்கு முன்பு ஆண்டவரை விட்டு ஓடினவர்களே. அப்படிப்பட்டவர்கள் நடுவில்தான் அவர் வந்து நின்றார். எட்டாம் நாளில் தோமா திரும்பி வந்தார். நீங்களும் வரலாம்.

முடிவாக

சபையின் நோக்கத்தை மூன்று திசைகளில் தொகுத்துக்கொள்வோம். மேல்நோக்கி, அழைத்தவரை ஒரே மனதாய் ஆராதிக்கும்படி கூடுகிறோம். பக்கத்தில் நோக்கி, ஒரே அப்பத்தில் பங்குபெற்று ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி கூடுகிறோம். வெளியே நோக்கி, இன்னும் அறியாதவர்களிடத்திற்கு அன்போடும் நற்கிரியைகளோடும் அனுப்பப்படும்படி கூடுகிறோம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நம் கூடிவருதல் ஊனமானது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உடனே வாசலை நோக்கி விரையாதீர்கள். சற்றே திரும்பிப் பார்த்து, யார் வரவில்லை என்று கவனியுங்கள். அந்த வாரத்திலேயே அவர்களில் ஒருவருடைய வீட்டுக்குச் செல்லுங்கள். ஜஸ்டினுடைய காலத்து உதவிக்காரர்கள் செய்ததை நாமும் செய்வோம்.

தியானிக்கவும் கலந்துரையாடவும்

1. எருசலேம் சபையின் நான்கு தூண்களில் எது நம்முடைய சபையில் பலவீனமாயிருக்கிறது? அதைச் சீர்ப்படுத்த நான் செய்யக்கூடியது என்ன?
2. கொரிந்து சபையில் ஏழைகள் காத்திருந்ததுபோல், நம் சபையில் இன்று யார் கடைசியில் நிற்கிறார்கள்?
3. கடந்த ஆறு மாதங்களில் கூடிவருவதை விட்டவர்களில் மூவரின் பெயரை எழுதுங்கள். அவர்களுக்காக ஜெபிப்பதோடு, யார் எப்போது சந்திப்பது என்பதையும் தீர்மானியுங்கள்.
4. நம் ஜெபக்குழு தாங்கிவரும் ஊழியர்களுக்கு நாம் காணிக்கை மட்டும் அனுப்புகிறோமா, நட்பையும் தருகிறோமா?

ஜெபம்

எங்களை அழைத்த ஆண்டவரே, பூட்டிய கதவுகளுக்குள்ளும் உம்முடையவர்களைத் தேடி வந்தவரே, உம்மை ஸ்தோத்தரிக்கிறோம். உம்முடைய பந்தியை எங்கள் பந்திபோல் எண்ணி நடந்துகொண்ட தவறுகளை எங்களுக்கு மன்னியும். எங்களால் காயப்பட்டு விலகினவர்களைத் தேடிச்செல்ல எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். வரமுடியாதவர்களை மறவாத இருதயத்தையும், கூடினபின் புறப்பட்டுப்போகும் கால்களையும் எங்களுக்குத் தந்தருளும். நீர் மறுபடியும் வரும் நாளில், ஒருவரும் குறையாமல் உமது முன்பாக நிற்க எங்களுக்குக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.